முடக்கம் வேறு, பறிமுதல் வேறு: ஆட்சி கவிழ்ந்தால் அதன் சொத்து யாருக்கு?



சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, சிதம்பரத்து மளிகை வணிகர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "அந்த நாட்டுச் சொத்து முடக்கம், இத்தனை கோடி டாலர் பறிமுதல் என்று அடிக்கடி பேப்பரில் வருகிறதே, முடக்கிய பணம் யார் கைக்குப் போகிறது? அந்த நாட்டுக்குச் சரக்கு அனுப்பியவன் பாக்கி என்ன ஆகும்?"

நியாயமான கேள்வி. உலக அரசியல் நமக்கு எதற்கு என்று ஒதுக்கிவிட முடியாது. எங்கோ ஒரு நாட்டில் ஆட்சி கவிழ்ந்தால் நம் கல்லாப்பெட்டி வரை அதன் அதிர்வு வந்து சேர்ந்ததை நாம் பார்த்திருக்கிறோம். ஆகவே இக்கட்டுரையில் அதை விளக்க முயல்கிறோம்.

கடலூருக்குப் புதிதல்ல

ஆட்சி கை மாறும்போது கிடங்கில் இருக்கும் சரக்கு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி கடலூருக்குப் புதிதல்ல. 1690இல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து ஆங்கிலக் கம்பெனியார் விலைக்கு வாங்கினர். 1746இல் சென்னைக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தபோது, அங்கே கம்பெனியின் கிடங்குச் சரக்கு வென்றவர் வசமாயிற்று. ஆங்கிலேயர் தங்கள் தலைமையிடத்தைத் தேவனாம்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டனர். 1752 வரை அது இங்கேதான் இருந்தது. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி இந்தக் கோட்டையையும் பிடித்துத் தகர்த்தார். இடிபாடுகளை இன்றும் காணலாம்.

அந்தக் காலத்துச் சட்டம் எளிமையானது. வென்றவன் எடுத்துக்கொள்வான், அவ்வளவுதான். முடக்கம், பறிமுதல், இழப்பீடு என்று தனித்தனிப் படிகள் வந்தது பிற்காலத்தில். அந்தப் படிகளைப் புரிந்துகொள்ள நமக்குத் தெரிந்த ஒரு சட்டத்திலிருந்தே தொடங்குவோம்.

கிடங்குக்குச் சீல் வைப்பதும் சரக்கை எடுத்துக்கொள்வதும்

1955ஆம் ஆண்டு அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தை அறியாத மளிகை வணிகர் இல்லை. அதிகாரி வருகிறார், இருப்பில் வித்தியாசம் என்கிறார், சரக்கைக் கைப்பற்றிச் சீல் வைக்கிறார். அந்த நிமிடத்தில் சரக்கு அரசாங்கத்துக்குச் சொந்தமாகிவிட்டதா? இல்லை. சரக்கு நம்முடையதுதான். விற்கவோ நகர்த்தவோ முடியாது, அவ்வளவே. இதுதான் முடக்கம்.

பிறகு 6-ஏ பிரிவின்கீழ் மாவட்ட ஆட்சியர் பறிமுதல் ஆணை பிறப்பித்தால்தான் சரக்கின் உரிமை அரசுக்குப் போகிறது. அதற்கும் முன்னால் காரணத்தைச் சொல்லி எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து, நம் விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்கிறது 6-பி பிரிவு. மேல்முறையீட்டுக்கு 6-சி பிரிவு இருக்கிறது.

நாடுகளுக்கிடையிலும் ஏறக்குறைய இதே கதைதான். முடக்கினால் பணம் வங்கியிலேயே இருக்கும், பெயரும் மாறாது, எடுக்க மட்டும் முடியாது. பறிமுதல் செய்தால் பெயரே மாறிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள காலம் சில மாதங்களாகவும் இருக்கலாம், எழுபது ஆண்டுகளாகவும் இருக்கலாம். நடுவில் மாட்டிக்கொண்டவன் பிழைப்பது எதனால் என்பதே நாம் கவனிக்க வேண்டிய பாடம்.

1990 ஆகஸ்ட்: இரண்டு விதமான முடக்கம்

1990 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஈராக்கின் சதாம் உசேன் அரசு குவைத்துக்குள் படையை அனுப்பியது. அதே நாளில் அமெரிக்கா இரண்டு ஆணைகளைப் பிறப்பித்தது. ஒன்று ஈராக் அரசின் சொத்துகளை முடக்கியது. மற்றொன்று குவைத் அரசின் சொத்துகளை முடக்கியது. அடி வாங்கிய குவைத்தின் சொத்தை ஏன் முடக்க வேண்டும் என்று தோன்றும். படையெடுத்தவன் குவைத்தின் பெயரால் கையெழுத்துப் போட்டு வெளிநாட்டு வங்கிகளிலிருந்து பணத்தை எடுத்துவிடக் கூடாதே என்பதற்காகத்தான். திருடன் வீட்டுக்குள் இருக்கும்போது பெட்டகத்தை வெளியிலிருந்து பூட்டியதற்கு ஒப்பானது அது. ஆக, முடக்கம் என்பது எப்போதும் தண்டனை அல்ல. சில சமயம் அது காவல்.

ஆகஸ்ட் 6ஆம் தேதி ஐ.நா. பாதுகாப்பு சபை 661ஆம் தீர்மானத்தை நிறைவேற்றி ஈராக்குடன் வாணிபத்துக்கு முழுத் தடை விதித்தது. ஈராக்கிலிருந்து எந்தச் சரக்கும் எந்த நாட்டுக்கும் வரக் கூடாது என்று ஆனது. நம் கடைகளில் பேர்பெற்ற பஸ்ரா பேரீச்சைக்கும் அத்தோடு சட்டப்படி வழி அடைபட்டது. இத்தகைய தீர்மானங்களை இந்தியா நடைமுறைப்படுத்துவதற்கென்றே 1947ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் (பாதுகாப்பு சபை) சட்டம் என்ற சிறு சட்டம் உண்டு. அதன்கீழ் மத்திய அரசு ஆணை பிறப்பித்தால் வங்கி முதல் துறைமுகம் வரை அனைவரும் அதற்குக் கட்டுப்பட வேண்டும்.

அப்போது நாம் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தோம். பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, காட்டுமன்னார்கோயில் பக்கங்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போய் உழைத்தவர்கள் பலர். குவைத்திலும் ஈராக்கிலும் சிக்கியிருந்த இந்தியர் சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் பேர். ஜோர்டானின் அம்மான் நகர் வழியாக ஏர் இந்தியா விமானங்கள் 1 லட்சத்து 10 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை மீட்டு வந்தன. சேமிப்பு குவைத் வங்கியில், சம்பள பாக்கி முதலாளியிடம், கையில் ஒரு பை என்ற நிலையில் பலர் ஊர் வந்து சேர்ந்தனர். கொண்டுவந்த தினார் நோட்டை மாற்ற முடியாமல் தவித்தவர்களும் உண்டு.

மாதாமாதம் வரும் டிராஃப்டை நம்பிக் கடனுக்குச் சாமான் கொடுத்துவந்த மளிகைக் கடைகளில் அந்த ஆண்டு பற்று மட்டும் ஏறியது, வரவு நின்றுபோயிற்று. பாக்தாதிலும் நியூயார்க்கிலும் போட்ட பூட்டு நம் பேரேட்டில் இப்படித்தான் தெரிந்தது.

இழப்பீடு யாருக்குக் கிடைத்தது?

போர் முடிந்தபின் 1991 ஏப்ரலில் 687ஆம் தீர்மானம் வந்தது. குவைத் படையெடுப்பால் நேர்ந்த நட்டத்துக்கு ஈராக்கே பொறுப்பு என்று அது கூறியது. இழப்பீட்டு ஆணையம் ஒன்று ஜெனீவாவில் அமைந்தது. ஈராக் விற்கும் எண்ணெயின் வருமானத்தில் ஒரு பங்கு, முதலில் 30 சதவீதம், அதற்கு ஒதுக்கப்பட்டது. 1992 அக்டோபரில் வந்த 778ஆம் தீர்மானம், பல நாடுகளில் முடங்கிக் கிடந்த ஈராக் எண்ணெய்ப் பணத்தையும் ஐ.நா.வின் கணக்குக்கு மாற்றச் சொன்னது.

தனி மனிதர்கள் நேரே ஜெனீவாவுக்கு எழுத வேண்டியதில்லை. தத்தம் அரசு வழியாக மனுச் செய்தால் போதும். ஊரைவிட்டு வெளியேற நேர்ந்ததற்கான 'ஏ' பிரிவில் நட்டக் கணக்கை ரூபாய் பைசாவாக நிரூபிக்கத் தேவையில்லை. அங்கே இருந்தோம், இன்ன தேதியில் புறப்பட்டோம் என்பதற்குச் சான்று இருந்தால் போதும். தனி நபருக்கு 2,500 டாலர், வேறு பிரிவில் எதுவும் கேட்காதவருக்கு 4,000 டாலர், குடும்பத்துக்கு அதிகபட்சம் 8,000 டாலர் என்று வரையறுத்தனர். சம்பள பாக்கி, சேமிப்பு, கடைச் சரக்கு போன்றவற்றைக் கேட்டவர்கள் அதற்குரிய தாளைக் காட்ட வேண்டியிருந்தது.

நம் உறுப்பினர் ஒருவர் தம் கடை அனுபவத்தை நம்மிடம் சொன்னார். அவர் கடையில் இரண்டு குடும்பங்களுக்குக் கணக்கு இருந்தது. இரு வீட்டுப் பிள்ளைகளும் குவைத்திலிருந்து ஒரே மாதத்தில் திரும்பியவர்கள். ஒருவர் பாஸ்போர்ட்டையும் அங்கே கொடுத்த அடையாள அட்டையையும் சம்பளச் சீட்டையும் துணியில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். மற்றவர் உயிர் தப்பினால் போதும் என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்தார். முதலாமவருக்குச் சில ஆண்டுகள் கழித்துப் பணம் வந்தது. வந்த வாரமே கடைக்கு வந்து, "அண்ணாச்சி, நம்ம பாக்கி எவ்வளவு?" என்று கேட்டார். கடைக்காரர் 1990ஆம் ஆண்டுப் பேரேட்டைப் பரணிலிருந்து இறக்கினார். பக்கம் இருந்தது, தொகை இருந்தது, தீர்ந்தது. இரண்டாமவருக்கு எதுவும் வரவில்லை. அந்தப் பாக்கியைக் கேட்க நம் உறுப்பினருக்கு மனம் வரவில்லை. அதே பேரேட்டில் அந்தப் பக்கம் இன்றும் தீராமல் இருக்கிறது.

உழைத்தவர்கள் இருவரும்தான். ஓடிவந்தவர்களும் இருவரும்தான். வித்தியாசம் இடுப்பில் இருந்த நான்கு தாள்.

ஆணையத்துக்கு மொத்தம் சுமார் 27 லட்சம் மனுக்கள் வந்தன. கேட்ட தொகை ஏறக்குறைய 35,250 கோடி டாலர். வழங்கியது 5,240 கோடி டாலர். நூறு கேட்ட இடத்தில் பதினைந்து என்பது சராசரி. ஈராக் கடைசித் தவணையைக் கட்டி முடித்தது 2022 ஜனவரியில். படையெடுத்த ஆட்சி போய் 19 ஆண்டுகளுக்குப் பிறகும் அடுத்து வந்தவர்கள் அந்தக் கடனைக் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். ஆட்சி மாறினாலும் நாட்டின் கடன் மாறுவதில்லை.

2003: முடக்கம் பறிமுதலாகிறது

2003 மார்ச் 20ஆம் தேதி அமெரிக்கா ஈராக் மீது போர் தொடுத்த நாளிலேயே இன்னொரு ஆணை வந்தது. 1990 முதல் அமெரிக்க வங்கிகளில் முடங்கியிருந்த ஈராக் அரசுப் பணம் சுமார் 170 கோடி டாலரை அமெரிக்க அரசு தன் பெயருக்கு மாற்றிக்கொண்டது. இதுதான் பறிமுதல். போர் நடவடிக்கையில் ஈடுபட்டிருக்கும்போது இவ்வாறு செய்யலாம் என்ற அதிகாரம் 2001இல்தான் அவர்கள் சட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தது. பதின்மூன்று ஆண்டுகள் சீல் வைத்த கிடங்காக இருந்தது, ஒரே நாளில் அதிகாரியின் சரக்காகிவிட்டது. அந்தப் பணத்திலிருந்து ஈராக் அரசு ஊழியர்களுக்குச் சம்பளமும் ஓய்வூதியமும் கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

2003 மே 22ஆம் தேதி பாதுகாப்பு சபையின் 1483ஆம் தீர்மானம் இதை உலகம் முழுவதற்கும் விரித்தது. முந்தைய ஈராக் அரசின் பணம் எங்கே இருந்தாலும் அதையும், சதாம் உசேன், அவருடைய மூத்த அதிகாரிகள், அவர்களின் நெருங்கிய குடும்பத்தார் ஆகியோரின் சொத்தையும் எல்லா நாடுகளும் முடக்கி, ஈராக் வளர்ச்சி நிதி என்ற கணக்குக்கு மாற்ற வேண்டும் என்றது. ஆகஸ்ட் 28ஆம் தேதி அமெரிக்கா அதற்கிசைய மற்றோர் ஆணையைப் பிறப்பித்தது.

வணிகர்கள் அந்தத் தீர்மானத்தில் ஒரு வரியைக் கவனிக்க வேண்டும். அந்தச் சொத்தின் மீது முன்னதாகவே நீதிமன்றத் தீர்ப்போ, நடுவர் தீர்ப்போ, பற்றுரிமையோ இருந்தால், அதை வளர்ச்சி நிதிக்கு மாற்ற வேண்டியதில்லை. அதாவது, பூட்டுப் போடுவதற்கு முன்பே தன் பாக்கியைத் தீர்ப்பாக்கி வைத்திருந்தவருக்கு ஒரு பிடிமானம் இருந்தது. வாய்ப் பேச்சில் விட்டவர்களுக்கு எதுவும் இல்லை.

பழைய பாக்கி: நூற்றுக்குப் பத்தே கால்

"சரக்கு அனுப்பியவன் பாக்கி என்ன ஆகும்?" என்று சிதம்பரம் நண்பர் கேட்டாரே, அதற்கு வருவோம்.

687ஆம் தீர்மானம் ஒரு கோடு போட்டது. 1990 ஆகஸ்ட் 2க்கு முந்தைய ஈராக் கடன்கள் இழப்பீட்டுக் கணக்கில் சேராது, வழக்கமான வழியில்தான் வசூலிக்க வேண்டும் என்றது. எனவே அதற்கு முன்பே ஈராக் அரசுக்குக் கடனுக்கு விற்றவர்கள் இழப்பீட்டு ஆணையத்தின் வாசலில் நிற்க முடியவில்லை. பில்லின் தேதியே அவர்கள் தலைவிதியை எழுதியது.

புதிய ஈராக் அரசு 2004 நவம்பரில் பாரிஸ் கிளப் என்ற கடன் கொடுத்த நாடுகளின் குழுவிடம் 80 சதவீதத் தள்ளுபடி பெற்றது. 2005இல் தனியார் கடன்காரர்களிடம் வந்தபோது, சிறு தொகை வைத்திருந்தவர்களுக்கு, நூறு டாலர் பாக்கிக்குப் பத்தே கால் டாலர் ரொக்கமாகத் தருகிறோம், கணக்கை முடித்துக்கொள்ளுங்கள் என்றது. பதினைந்து ஆண்டு காத்திருந்து பத்தே கால்! அதையும் வாங்கியவர்கள் யார்? ஒப்பந்தமும் பில்லும் கப்பல் ரசீதும் வைத்திருந்து பாக்கியைச் சரிபார்த்துக் காட்ட முடிந்தவர்கள்தான்.

'எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?' என்று நம் பெரியவர்கள் கேட்டார்கள். எழுதிய கடனுக்கே பத்தே கால்தான் என்றால் எழுதாததைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

கணக்கு யார் பெயரில்? ஐதராபாத் பாடம்

நம் நாட்டிலேயே இதற்கு நெருங்கிய வழக்கு ஒன்று உண்டு. 1948 செப்டம்பரில் இந்தியப் படை ஐதராபாத்துக்குள் நுழைந்தது, நிஜாம் ஆட்சி முடிந்தது. அந்த நாட்களில் ஐதராபாத்தின் நிதிப் பொறுப்பிலிருந்தவர் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் வங்கியிலிருந்த 10 லட்சத்து 7 ஆயிரத்து 940 பவுன் 9 ஷில்லிங்கை, அங்கிருந்த பாகிஸ்தான் தூதரின் பெயருக்கு மாற்றினார். சில நாட்களிலேயே நிஜாம், "என் ஒப்புதல் இல்லாமல் மாற்றிவிட்டார்கள், திருப்பிக் கொடுங்கள்" என்றார். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் சம்மதமில்லாமல் முடியாது என்றது வங்கி.

இது அரசு போட்ட முடக்கம் அல்ல. ஆயினும் பணம் அசையவில்லை. 1957இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை வரை போயும், இன்னொரு நாட்டரசின் பெயரில் உள்ள பணத்தை அதன் சம்மதமின்றித் தொட முடியாது என்று வழக்கு நின்றுபோயிற்று. 2013இல் பாகிஸ்தானே வழக்கைத் தொடங்கியபின் கதவு திறந்தது. 2019 அக்டோபர் 2ஆம் தேதி லண்டன் நீதிமன்றம், பணம் நிஜாமுக்கே உரியது, அவர் வழியாக உரிமை பெற்ற இந்தியாவுக்கும் அவருடைய இரண்டு பேரன்களுக்கும் சேரும் என்று தீர்ப்பளித்தது. பத்து லட்சம் பவுன் வட்டியோடு சுமார் மூன்றரைக் கோடி பவுனாகியிருந்தது. நிஜாம் 1967இலேயே காலமாகிவிட்டார்.

பெயர் மாற்றச் சில நிமிடம், அதை மீட்க 71 ஆண்டு. கூட்டுக் கடை நடத்தும் சகோதரர்களும் பங்காளிகளும் இதை ஒருமுறைக்கு இருமுறை படிக்கட்டும்.

நம் கல்லாவுக்கு வந்துவிட்ட முடக்கம்

2021 ஆகஸ்ட்டில் ஆப்கானிஸ்தானில் ஆட்சி கவிழ்ந்தபோது அந்நாட்டு மத்திய வங்கியின் சுமார் 700 கோடி டாலர் நியூயார்க்கில் முடங்கியது. 2022இல் அதில் பாதி ஸ்விட்சர்லாந்தில் அமைந்த ஒரு நிதிக்கு மாற்றப்பட்டது. மறுபாதி மீது அமெரிக்க நீதிமன்றங்களில் வழக்கு நடந்தது. நாம் விற்கும் பெருங்காயத்துக்கு மூலப்பால் வரும் நாடுகளில் ஒன்று ஆப்கானிஸ்தான். வங்கி வழி அடைபட்டால் சரக்கு வழியும் தடுமாறும் என்பது நம் கொள்முதல்காரர்களுக்குத் தெரியும்.

அதைவிட அருகிலும் ஒன்று நடக்கிறது. கடை வாசலில் கியூ.ஆர். அட்டை வைத்திருக்கிறோம். யாரோ ஒருவர் இணைய மோசடிப் பணத்தில் முந்நூறு ரூபாய்க்குச் சாமான் வாங்கிப் போகிறார். எங்கோ வெளிமாநிலக் காவல்துறை கேட்டுக்கொண்டதன் பேரில் நம் நடப்புக் கணக்கே முடங்குகிறது. இதற்கு முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 102ஆம் பிரிவு பயன்பட்டது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு அதன் இடத்தில் இருக்கிறது. சதாம் உசேனின் கணக்குக்கும் நம் கணக்குக்கும் தொகையில்தான் வித்தியாசம். பூட்டு ஒன்றுதான்.

அப்படி நேர்ந்தால் பதற வேண்டாம். முடக்கம் பறிமுதல் அல்ல என்பதை முதலில் நினைவில் கொள்ளுங்கள். பணம் உங்களுடையதே. எந்த மாநிலம், எந்தக் காவல் நிலையம், எந்தப் புகார் எண், எவ்வளவு தொகை என்பதை வங்கியிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அந்தத் தேதியின் பில்லையும் நாளேட்டையும் இருப்புக் கணக்கையும் சேர்த்து விளக்கம் அனுப்புங்கள். கைப்பற்றியதைக் காவல்துறை மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. கேரள உயர்நீதிமன்றமும் சென்னை உயர்நீதிமன்றமும் முழுக் கணக்கையும் காலவரையின்றி முடக்கிவைக்காமல், சர்ச்சைக்குரிய தொகையளவுக்கு மட்டும் நிறுத்திவைத்து மற்றதை இயக்க அனுமதித்த வழக்குகள் உள்ளன. வழக்கறிஞரிடம் அதைச் சொல்லுங்கள்.

முன்னெச்சரிக்கையாக நாம் சொல்வது நான்கே. முந்நூறு ரூபாய்க்கும் பில் போடுங்கள். கடனுக்குக் கொடுத்தால் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். கடைக் கணக்கையும் வீட்டுக் கணக்கையும் ஒரே வங்கிக் கணக்கில் போட்டுக் கலக்காதீர்கள். பழைய பேரேட்டை எடைக்குப் போடுமுன் தீராத பாக்கியை வேறு ஏட்டுக்கு ஏற்றுங்கள்.

ஆட்சிகள் எழும், விழும். தேவனாம்பட்டினம் கோட்டையைக் கட்டியவரும் போனார், தகர்த்தவரும் போனார். குவைத்துக்குள் படை அனுப்பியவரும் போனார். அவர்கள் பூட்டிய பூட்டுகளைத் திறக்கும் நாள் வந்தபோது, கையில் தேதி போட்ட தாளோடு நின்றவர்களுக்கே ஏதேனும் கிடைத்தது. சிதம்பரம் நண்பரின் கேள்விக்கு நம் பதில் அதுதான்.